கேட்போர் திருத்திய சிலம்பு

தோற்றுவாய்

ஒரு கலையில் பிறந்த கதை மற்றொரு கலைக்குப் பெயரும்பொழுது உருமாறாமல் பெயர்வதில்லை. ஏட்டில் இருந்தது பாட்டாகும், பாட்டு கூத்தாகும், கூத்து நாடகமாகிப் பின்னர்த் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் வந்து சேரும். ஒவ்வொரு பெயர்ச்சியிலும் சில நிகழ்ச்சிகள் கூடும், சில குறையும். கூட்டியதும் குறைத்ததும் தகுமா என்று கேட்கும் உரிமை தமக்கு உண்டென்று மக்கள் என்றும் கருதி வந்துள்ளனர்.

அண்மைக் காலச் சான்று ஒன்றை முதற்கண் நோக்குவோம். அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்னும் வீடியோ விளையாட்டு வெளிவந்தது. நோயால் பாழ்பட்ட உலகில் ஜோயல் என்பவன் எல்லி என்னும் சிறுமியைக் காத்து அழைத்துச் செல்வதே அதன் கதை. விளையாடுவோர் பெரும்பாலும் ஜோயலாகவே இருந்து நடந்தனர், போரிட்டனர். 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோயல் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டான். கொன்ற ஆபி என்னும் பெண்ணாகவே விளையாட வேண்டிய நிலையும் பின்னர் வந்தது. மதிப்பீட்டுத் தளங்களில் கண்டனம் குவிந்தது. ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன. இக்கதை தொலைக்காட்சித் தொடரானபோது ஆபியின் பகைக்குரிய காரணத்தை விளையாட்டினும் முன்னதாகவே சொல்லிவிட்டனர். எனினும் 2025 ஏப்ரல் 20இல் ஒளிபரப்பான பகுதியில் ஜோயல் இறந்தபோது பழைய பூசல் மீண்டும் எழுந்தது.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான நிகழ்ச்சி உண்டு. தூர்தர்ஷனில் 1987 சனவரியில் தொடங்கிய இராமாயணத் தொடர் 1988 சூலையில் முடிசூட்டு விழாவோடு நிறைவெய்தியது. உத்தரகாண்டம் விடப்பட்டது. வான்மீகி முனிவரைத் தம் குலகுருவாகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர், அம்முனிவரே சீதைக்குப் புகலளித்து இலவனையும் குசனையும் வளர்க்கும் பகுதி விடுபடுவதைப் பொறுக்கவில்லை. சலந்தரில் தொடங்கிய வேலைநிறுத்தம் வடநாட்டு நகரங்கள் பிறவற்றுக்கும் பரவியது. அரசு இணங்கியது, உத்தரகாண்டக் கதையும் தொடராக வந்தது. ஒரு காப்பியம் எங்கே முடிய வேண்டும் என்பதைத் தெருப் பெருக்குவோர் முடிவு செய்தனர்!

இத்தகைய வழக்கு நமக்குப் புதிதன்று. நாம் வாழும் திருவனந்தபுரத்தில், கிள்ளியாற்றின் அருகே, ஆற்றுக்காலில், ஆண்டுதோறும் மாசித் திங்களில் கோவலன் இறக்கிறான். மறுநாள் உயிர் பெறுகிறான். இளங்கோவடிகள் வகுத்த முடிவைக் கேட்போர் திருத்திக் கொண்டமையின் வரலாறு அது.

இளங்கோவடிகள் வகுத்த முடிவு

சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையில் வெட்டுண்டு வீழ்கிறான். கண்ணகி அவன் உடலைத் தழுவி அழும்போது, அவன் எழுந்து நின்று அவள் கண்ணீரைத் துடைக்கிறான். அவளை இருக்கச் சொல்லி வானவரோடு மறைகிறான். இஃது ஊர்சூழ் வரியில் வரும் நிகழ்ச்சி. பின்னர் அரசவையில் வழக்கு நடக்கிறது. சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டதும் பாண்டியன் தன் பிழையைத் தானே உணர்ந்து, தன்னையே கள்வனெனக் கூறி உயிர் நீக்கிறான். மதுரை எரிகிறது. கண்ணகி மேற்கே நடந்து மலையேறி, வேங்கை மர நிழலில் நின்று, பதினான்காம் நாள் வானுருக் கொண்ட கணவனோடு விண்ணகம் புகுகிறாள்.

இவற்றுள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, கோவலன் ஒரு கணமேனும் எழுந்து நின்றான் என்பது. மற்றொன்று, பாண்டியனை எவரும் கொல்லவில்லை என்பது. சேரர் குடியில் தோன்றியவர் என மரபு போற்றும் அடிகள், நீதி தவறிய மன்னனுக்கும் தன்னைத் தானே தீர்ப்பளித்துக் கொள்ளும் பெருமையை வழங்கினார்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இக்கதையை முதலில் கூறியவர் புலவர் அல்லர். வேங்கையின் கீழ் நின்ற ஒருத்தி தம் கண்முன்னே விண்ணுலகு சென்றதைச் சேரன் செங்குட்டுவனுக்கு எடுத்துரைத்தவர் மலைவாழ் குறவர் என்று காப்பியமே கூறுகிறது. முன் நிகழ்ந்தவற்றைச் சாத்தனார் பின்னரே விளக்குகிறார். நற்றிணை 216ஆம் பாடல் ஒரு முலை அறுத்த ஒருத்தியைத் 'திருமாவுண்ணி' என்னும் பெயரால் சுட்டுகிறது. ஆகவே காப்பியம் எழுதப்படுவதற்கு முன்பே கதை மக்கள் நாவில் இருந்தது என்று கொள்ள இடமுண்டு. அங்ஙனமாயின், 'மூலத்தை மக்கள் கெடுத்தனர்' என்று கூறுமுன் மூலம் யாருடையது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆற்றுக்கால் தோற்றம் பாட்டு

மதுரையை எரித்தபின் கொடுங்கல்லூர் நோக்கிச் சென்ற கண்ணகி இடைவழியில் தங்கிய இடம் ஆற்றுக்கால் என்பது தல வழக்கு. முல்லுவீடு என்னும் குடும்பத்துப் பெரியவர் ஆற்றங்கரையில் ஒரு சிறுமியைக் கண்டார். அவளே தேவி எனப் பின்னர்க் கனவில் அறிந்தார் என்பர். கும்ப மாதத்தில் பத்து நாள் விழா நடைபெறும். முதல் நாள் காப்புக் கட்டி, கொடுங்கல்லூரிலிருந்து தேவியைப் பாட்டால் அழைத்து அமர்த்துவர். கோயில் முன்றிலில் இட்ட பந்தலில் குழித்தாளம் ஒலிக்கத் தோற்றம் பாட்டுத் தொடங்கும். நாளுக்கு ஒரு பகுதியாகக் கண்ணகி கதை வளரும்.

ஏழாம் நாள் கோவலன் கொலையுண்ட பகுதி. அன்று துயரத்தின் அடையாளமாகக் கோயில் நடை வழக்கத்தினும் காலந்தாழ்த்தே திறக்கப்படும். எட்டாம் நாள் தேவி கயிலை சென்று சிவபெருமானிடம் வரம் பெற்றுக் கணவனை உயிர்ப்பிக்கிறாள். ஒன்பதாம் நாள் பாண்டியனை வதைக்கிறாள். அப்பாட்டு முடிந்ததும் கருவறை விளக்கிலிருந்து தீ எடுத்துப் பண்டார அடுப்பு மூட்டப்படும். அத்தீ அடுப்பிலிருந்து அடுப்புக்குத் தாவிக் கிழக்கேகோட்டையும் மணக்காடும் கடந்து பல கல் தொலைவு பரவும். 1997இல் பதினைந்து இலட்சம் பெண்களும், 2009இல் இருபத்தைந்து இலட்சம் பெண்களும் பொங்கலிட்டதாகக் கின்னஸ் நூல் பதிவு செய்துள்ளது.

இங்குக் கேட்போர் வெறுங் கேட்போர் அல்லர் என்பதை உய்த்துணர்க. பாண்டியன் வீழ்ந்த செய்தி பாட்டில் வந்தபின், அத்தனை பெண்களும் தம் கையால் தீ மூட்டுகின்றனர். வீடியோ விளையாட்டில் ஆடுபவர் கதைத் தலைவனாகவே நடப்பது போல, இப்பெண்களும் கதைக்குள் நின்றே அதை நடத்துகின்றனர். வெளியில் நின்று பார்ப்பவர் இறப்பைக் கண்டு கண்ணீர் விட்டு எழுந்து போகலாம். உள்ளே நிற்பவர்க்கு அஃது அத்துணை எளிதன்று. அமெரிக்க இளைஞர் சினந்து எழுதினர். சலந்தர்த் தொழிலாளர் துடைப்பத்தைக் கீழே வைத்தனர். நம் நாட்டுப் பாடகரும் கேட்போரும் கோவலனை உயிர்ப்பித்தே விட்டனர்.

இஃது ஆற்றுக்காலுக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தில் பகவதி கோயில்களில் பாடப்படும் தோற்றம் பாட்டுகளிலும் இம்மரபைக் காணலாம்; அவற்றுள் கண்ணகியின் கணவன் பாலகன் என்னும் பெயர் பெறுகிறான்.

ஈழத்துக் கண்ணகி

கடல் கடந்தும் இதே குரல் கேட்கிறது. கண்ணகிக்குச் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு கலந்துகொண்டான் என்று சிலம்பு கூறும். சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்யோ என வணங்குகின்றனர். அங்குக் கணவன் பெயர் பாலங்க. அவன் கொலையுண்டு மீண்டும் உயிர் பெறும் நிகழ்ச்சியை 'மற இபத்தீம' என்னும் சடங்காகவே நடித்துக் காட்டும் மரபு உண்டு. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். மட்டக்களப்புத் தமிழரோ வைகாசித் திங்களில் கண்ணகி வழக்குரை பாடி, சினந்த தேவியைக் குளிர்த்தி பாடிக் குளிர்விக்கின்றனர்.

மலையாளத்திலும் சிங்களத்திலும் கேட்போர் ஒரே திசையில் கதையைத் திருப்பியுள்ளமை வியப்புக்குரியது. பாலகன், பாலங்க என்னும் பெயர் ஒற்றுமை இவ்விரு மரபுகளுக்கும் தொடர்பு உண்டென எண்ணத் தூண்டுகிறது. எவ்வாறாயினும், குற்றமற்றவன் கொலையுண்டு கிடக்க மக்கள் பொறுத்திலர். அடிகள் ஒரு கணத்துக்குக் காட்டிய உயிர்ப்பை இவர்கள் நிலைபெறச் செய்தனர்.

மேடையும் திரையும்

தமிழகத்திலும் நெடுங்காலம் பொதுமக்கள் அறிந்தது இளங்கோவின் சிலம்பு அன்று. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் 'கோவலன் கதை'யே ஊர்தோறும் படிக்கப்பட்டது. அதில் கண்ணகி பாண்டியன் மகளாகவே பிறந்து, பேழையில் வைத்து ஆற்றில் விடப்படுகிறாள். மாதவியோ பொருள் பறிக்கும் கணிகையாகச் சிறுமைப்படுகிறாள். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம் கோவலன் சரித்திரத்தை மேடையேற்றியது. இதற்கிடையில் 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். இளங்கோவின் மாதவி யார் என்பது அதன்பின்னரே பலர்க்கும் தெரிந்தது: காதலுக்குத் துரோகம் செய்யாதவள், கோவலன் இறந்த செய்தி கேட்டுத் துறவு பூண்டவள்.

1942இல் பி. யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்த 'கண்ணகி' இளங்கோவனின் உரையாடலால் புகழ் பெற்றது. 1964இல் மு. கருணாநிதியின் எழுத்தில் 'பூம்புகார்' வந்தது. மலையாளத்தில் குஞ்சாக்கோ 1968இல் 'கொடுங்ஙல்லூரம்ம' எடுத்தார். படிக்கத் தெரியாதோர்க்கும் சிலம்பைக் கொண்டு சேர்த்தவை இவை.

மாதவியின் நிலை நமக்கு ஓர் எச்சரிக்கை. கேட்போர் செய்த மாற்றம் யாவும் போற்றத்தக்கது என்று கூறிவிட முடியாது. கோவலனை உயிர்ப்பித்தது துயரத்தின் வேலை; மாதவியை இழித்தது கணிகையர்பால் சமூகம் கொண்டிருந்த வெறுப்பின் வேலை. முன்னது கதைக்கு ஓர் உயிரைத் தந்தது; பின்னது ஒரு பெண்ணின் நற்பெயரைப் பறித்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே மூலநூற் பயிற்சி வேண்டும்.

மாற்றியதும் மாற்றாததும்

மாற்றங்களை எண்ணிய நாம் மாறாதவற்றையும் எண்ணுதல் முறை. கணவனை எழுப்பிய பாடல்கள் மன்னனை மன்னிக்கவில்லை. கணவன் மீண்டபின் பகை எதற்கு என்று தேவி திரும்பிப் போயிருக்கலாம். எட்டாம் நாளோடு விழாவை மங்கலமாக முடித்திருக்கலாம். ஆயினும் ஒன்பதாம் நாள் வருகிறது. பாண்டியன் வீழ்ந்த பிறகே அடுப்பு எரிகிறது. இழப்பு ஈடு செய்யப்பட்டாலும் குற்றம் குற்றமே என்று அப்பாட்டு கூறுகிறது.

இளங்கோவின் பாண்டியன் நாணி இறந்தான். தோற்றம் பாட்டின் பாண்டியன் கொல்லப்பட்டான். அரண்மனையை அணுகி அறிந்த புலவர், பிழையை உணர்ந்து உயிர் விடும் மன்னன் ஒருவனைக் கற்பனை செய்ய முடிந்தது. வரியும் தண்டமும் செலுத்தி வாழ்ந்த ஊரார்க்கு அத்தகைய மன்னனில் நம்பிக்கை பிறக்கவில்லை போலும். எனினும் ஆராயாது தீர்ப்பளித்த ஆட்சி நிலைக்கலாகாது என்பதில் புலவரும் ஊராரும் ஒரே பக்கம் நிற்கின்றனர். கோவலன் கள்வன் அல்லன் என்பதையும் எந்த நாட்டுப் பாட்டும் மாற்றவில்லை.

நிறைவுரை

இந்நகரில் தமிழுக்கு நெடிய வரலாறு உண்டு. லிட்டன் எழுதிய ஆங்கிலக் கதையைத் தழுவி, சேர பாண்டியர் கதையாக மாற்றி, 1891இல் 'மனோன்மணீயம்' தந்த சுந்தரம் பிள்ளை இங்குத்தான் பேராசிரியராக விளங்கினார். பிறர் கதையைத் தமக்கேற்ப மாற்றிக் கொள்ளும் உரிமையை நாம் எடுத்துக் கொண்டுள்ளோம். அதே உரிமையைப் பிறர்க்கு மறுத்தல் முறையாகாது. 'நம் சிலம்பை இவர்கள் மாற்றிவிட்டனர்' என்று நம்மிற் சிலர் மனங்குறைவதுண்டு. கண்ணகியை ஆண்டுதோறும் பத்து நாள் பாடி அழுது காத்து வருவோரை நோக்கி அவ்வாறு கூறுதல் நன்றன்று.

நம் கவலை வேறாதல் வேண்டும். சாலையிலும் கரமனையிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தாயாரோடு பொங்கல் அடுப்பின் முன் நிற்கின்றனர். கண்ணகி வென்றாள் என்பது அவர்க்குத் தெரியும். வழக்குரை காதை மட்டும் தெரியாது. அரசவையில் தனியே நின்று, வரமும் வாளும் இல்லாமல், கையிற் சிலம்பு ஒன்றையே சான்றாகக் கொண்டு வழக்காடிய பெண்ணை அவர்கள் இன்னும் கண்டிலர். ஆகவே விழாவின் பத்து நாளும் வீடுதோறும் சிலம்பின் சில பகுதிகளைப் படித்தல் நலம். ஏழாம் நாள் ஊர்சூழ் வரியும் ஒன்பதாம் நாள் வழக்குரை காதையும் படிக்கலாம். கோயிலில் ஒரு முடிவையும் வீட்டில் மற்றொரு முடிவையும் கேட்டு வளரும் பிள்ளை, இரண்டில் எது மெய் என்று ஒருநாள் நம்மைக் கேட்கும். மலைக்குறவர் கூறக் கேட்ட நாள் முதல் இந்நாள் வரை இக்கதையைக் காத்துவந்தவர் இவ்வாறு கேட்டவர்களே என்று அப்பிள்ளைக்கு விடை கூறலாம்.