கார்புரேட்டர் வளர்த்த கைப்பழக்கம்

வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக் மாற்றும் வழக்கம் ஜொகூரில் ஏன் அருகிப்போனது என்று கேட்டால், இளைஞர்களுக்குக் கை வணங்கவில்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்தப் பழி நியாயமற்றது. அந்த வழக்கத்தை வளர்த்தது கார்புரேட்டர். கார்புரேட்டர் போனதும் அதுவும் போயிற்று.

1967இல் ஷா ஆலாமில் தொடங்கிய கார் இணைப்புத் தொழில் ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போய்க்கும் வந்தது. ஹோண்டா, பெஜோ கார்கள் அங்கே உருவாயின. ஆனால் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்குக் காரைக் கொண்டுவந்தவை 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும்தான். கூலாயிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் ஜொகூர் பாருவுக்கோ பாசீர் கூடாங்குக்கோ வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் வண்டி கிளம்பாவிட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. கார்புரேட்டரோ காற்றையும் பெட்ரோலையும் எப்போதும் ஒரே அளவில் கலந்து தராது. பெட்ரோல் மிஞ்சினால் பிளக்கில் கரி படியும், பொறி பலவீனமாகும். நிக்கல் முனை தேயத் தேய இடைவெளியும் விரியும். ஆகவே பிளக்கை அடிக்கடி கழற்றத்தான் வேண்டியிருந்தது.

அந்த வேலைக்கும் ஒரு முறை உண்டு. இன்ஜின் ஆறிய பிறகே ஸ்பானரை வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் கழற்ற வேண்டும். சாகாவின் நான்கு சிலிண்டர்களும் 1-3-4-2 என்ற வரிசையில் எரிபவை, ஒயர் மாறினால் இன்ஜின் குலுங்கும். புதுப் பிளக்கை முதலில் விரலாலேயே திருக வேண்டும். சாய்வாக ஏறினால் அலுமினிய ஹெட்டின் மரை கெட்டுவிடும். கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தால் இன்ஜினின் நலம் தெரியும்: இளம் பழுப்பு என்றால் கவலையில்லை, உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே ரிங்கோ வால்வு சீலோ தேய்கிறது.

பட்டறைக் கூலியை மிச்சப்படுத்தத்தானே இதெல்லாம் என்று கேட்கலாம். மிச்சம் முக்கியம்தான். ஆனால் அது மட்டுமே காரணமென்றால் வழக்கம் இன்றும் நீடித்திருக்க வேண்டும். 2005இல் வந்த பெரோடுவா மைவியில் ஒயர்கள் கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில், அதைப் பிடித்திருப்பது ஒற்றை போல்ட். வேலை முன்பைவிடச் சுலபம். அப்படியும் யாரும் அடிக்கடி கழற்றுவதில்லை, கழற்றத் தேவையில்லை என்பதால். எரிபொருள் கலவையை இப்போது கணினி சீராக வைக்கிறது. இரிடியம் பிளக் சுமார் 1,00,000 கிலோமீட்டர் தாங்கும்.

அனுபவமில்லாத கை மரையைக் கெடுத்துவிடும், பட்டறையே பாதுகாப்பு என்பாரும் உண்டு. அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. பழைய வழக்கத்தை மீட்க வேண்டியதில்லை. ஆனால் பிளக்கைப் பார்த்து இன்ஜினை அறியும் கண்ணை நாம் இழக்கக் கூடாது. மெக்கானிக் மாற்றித் தந்தாலும் பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கி, சிலிண்டர் வரிசையில் அடுக்கிப் பார்ப்போம். மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால், எந்தச் சிலிண்டரைக் கவனிக்க வேண்டுமென்று அது இன்றைக்கும் சொல்லும்.