பகல் வெளிச்சத்தில் கறுப்பு

டெல்லின் ஏலியன்வேர் ஏடபிள்யூ3225கியூஎஃப், எல்ஜியின் அல்ட்ராகியர் 32ஜிஎஸ்95யூஇ. இரண்டும் 2024-இல் வந்த 32 அங்குல ஓஎல்இடி கேமிங் மானிட்டர்கள். இரண்டும் 4கே, 240 ஹெர்ட்ஸ், 0.03 மில்லி விநாடி மறுமொழி நேரம். பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று தோன்றும். உள்ளே பேனல் வேறு.

ஏலியன்வேரில் இருப்பது சாம்சங் டிஸ்ப்ளேயின் கியூடி-ஓஎல்இடி. நீல ஒளியைக் குவாண்டம் டாட் படலம் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகிறது. எல்ஜியின் டபிள்யூஓஎல்இடியில் வெள்ளை ஒளியை வடிகட்டி நிறம் எடுக்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்ட வெள்ளைக்கென்றே தனிப் புள்ளியும் உண்டு. அதனால் நெருப்பு, நியான் விளக்கு போன்ற காட்சிகளில் எல்ஜியின் நிறம் சற்று வெளுக்கும். ஏலியன்வேரில் அடர்த்தி குறையாமல் பளீரென்று எரியும்.

சன்னலைத் திறந்தால் நிலைமை தலைகீழ். கியூடி-ஓஎல்இடியில் வெளி வெளிச்சத்தை விழுங்கும் போலரைசர் படலம் கிடையாது. வெளிச்சம் பட்டதும் கறுப்பு, ஊதா கலந்த சாம்பலாகிவிடும். திரை பளபளப்பானது என்பதால் சன்னல் கம்பிகூட அதில் தெரியும். எல்ஜியில் பகலிலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மேட் பூச்சு பிரதிபலிப்பைக் கலைக்கும், கூடவே படத்தின் துல்லியத்தையும் துளி குறைக்கும். கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்து ஏலியன்வேரை ஒதுக்கிவிட வேண்டாம். அது இருட்டறைக்கான திரை.

எல்ஜியில் ஒரு பொத்தானை அழுத்தினால் 1080பி-யில் 480 ஹெர்ட்ஸ் கிடைக்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற சுடும் ஆட்டங்களில் போட்டி போடுபவர்களுக்கு அது பெரிய வரம். கதை ஆட்டங்கள் ஆடுபவருக்குத் தேவைப்படாது.

இரவில் விளக்கணைத்து ஆடுபவருக்கு ஏலியன்வேர். பகலில் அதே மேசையில் வேலையும் பார்ப்பவருக்கு எல்ஜி. இதுவே என் முடிவு.

ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் திரையில் தழும்பு விழும் பர்ன்-இன் ஆபத்து இரண்டுக்குமே உண்டு. டெல் 3 ஆண்டு உத்தரவாதத்தில் அதையும் சேர்த்திருக்கிறது. எதை வாங்கினாலும் உத்தரவாதச் சீட்டில் பர்ன்-இன் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பாரை மறைத்து வையுங்கள். திரை அணைந்த பிறகுதான் பேனல் தன்னைச் சீர்செய்துகொள்ளும். அதனால் ஆட்டம் முடிந்த கையோடு சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள்.