ஒவ்வாமை ஆஸ்துமா: மரபணுப் பின்னணியும் நோய் எதிர்ப்புச் செல்களும்

ஒரே வீட்டில் வளரும் உடன்பிறந்தோருள் ஒருவருக்கு மட்டும் ஆஸ்துமா வருவதுண்டு. ஆஸ்துமா உள்ள இருவருக்கு ஒரே மருந்து ஒரே அளவில் பயன் தராமலும் போகலாம். மரபணுப் பின்னணி இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

நோய் எவ்வாறு ஏற்படுகிறது?

படுக்கைத் தூசியில் வாழும் சிற்றுண்ணி, பூந்துகள், கரப்பான்பூச்சிக் கழிவு போன்றவற்றைச் சிலரது உடல் பகையாகக் கருதுகிறது. அப்போது 'டி' செல்களின் தூண்டுதலால் 'பி' செல்கள் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகின்றன. அது மாஸ்ட் செல்களின் மீது படிந்து, அதே பொருள் மீண்டும் நுழையும்போது ஹிஸ்டமினை வெளியேற்றச் செய்கிறது. மூச்சுக்குழாய் சுருங்குகிறது. ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு அழற்சியை நீடிக்கச் செய்கின்றன.

மரபணுக்களின் பங்கு என்ன?

ஆஸ்துமாவுக்குத் தனியொரு மரபணு காரணமன்று; பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. 17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு பகுதிக்கும் குழந்தைப்பருவ ஆஸ்துமாவுக்கும் தொடர்புண்டு என 2007இல் கண்டறியப்பட்டது.

ஒரே செல்லின் பணியும் மரபுக்கேற்ப மாறக்கூடும். ஈசினோஃபில் இல்லாத எலிகளைக் கொண்டு செய்யப்பட்ட இரு ஆய்வுகள் 2004இல் வெளியாயின. ஓர் எலி வகையில் மூச்சுக்குழாய்ச் சுருக்கமும் சளியும் குறைந்தன. வேறொரு வகையில் அவை குறையவில்லை. மூச்சுக்குழாய்ச் சுவர் தடிப்பது மட்டுமே தடுக்கப்பட்டது. மனிதரிலும், ஈசினோஃபிலைக் குறைக்கும் மெப்போலிசுமாப் ஊசிமருந்து, அச்செல்கள் மிகுந்துள்ள கடும் ஆஸ்துமா நோயாளிகளுக்கே பயன் தருகிறது.

இரத்தத்தில் ஈசினோஃபில் மிகுந்தால் ஆஸ்துமாவா?

அவ்வாறு உறுதியாகக் கூற இயலாது. குடற்புழுக்களாலும் யானைக்கால் நோய்ப் புழுக்களாலும் இவ்வெண்ணிக்கை உயரலாம். மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• பெற்றோருக்கு ஆஸ்துமா இருப்பின் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடும். ஆனால் வந்தே தீரும் என்பதில்லை.
• பிறருக்குப் பயனளித்த மருந்தைத் தாமாக உட்கொள்ளலாகாது.
• மருத்துவர் பரிந்துரைத்த தினசரி இன்ஹேலரை, தொல்லை குறைந்ததும் நிறுத்தலாகாது. அது அடிமைப்படுத்தும் மருந்தன்று.
• படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தவும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்தில், மழைக்காலத்தில் சுவர் ஈரமும் பூஞ்சையும் படியாமல் பார்த்துக்கொள்ளவும்.
• வைகுண்ட ஏகாதசி போன்ற நாள்களில் மார்கழிக் குளிரில் கோயிலுக்குச் செல்வோர், விரைவு நிவாரண இன்ஹேலரை உடன் எடுத்துச் செல்லவும். சாம்பிராணி, கற்பூரப் புகையிலிருந்து விலகி நிற்கவும்.

எப்போது உடனடி உதவி தேவை?

தொடர்ந்து பேச இயலாமை, உதடு நீலமாதல், இன்ஹேலர் பயன்படுத்தியும் குறையாத மூச்சுத்திணறல் ஆகியவை அபாய அறிகுறிகள். உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும். தொடர் சிகிச்சைக்குத் திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையையோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ அணுகவும். குடும்பத்தில் எவருக்கேனும் ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை, தொடர் தும்மல் இருந்தால், அதனையும் மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவும்.