வன்னியின் ஊர்தி மனைகள்: கூடார வண்டில் முதல் உழவு இயந்திரப் பெட்டி வரை

மனிதன் நிலையாகத் தங்கும் வீட்டைப் பற்றி வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். வழிச்செல்லும்பொழுது அவன் தன்னுடன் கொண்டுசெல்லும் வீட்டைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே. வண்டிலுக்குள் எதனை எங்கே வைப்பது, யார் எவ்விடத்தில் அமர்வது, எதனை விரித்து உறங்குவது என்பன அற்பமான வினாக்கள் போலத் தோன்றலாம். ஆயினும், ஒரு சமூகம் எவற்றை இன்றியமையாதனவாகக் கருதிற்று என்பதனை அறிவதற்கு, இடநெருக்கடி மிக்க அச்சிறு பரப்பு மிகச் சிறந்த சான்றாகும். நெடும்பயண ஊர்திகளின் உள்ளமைப்பினைப் பழையமுறை, புதியமுறை என இரண்டாகப் பகுத்து நோக்குவது பொதுவழக்கு. மரமும் ஓலையும் வைக்கோலும் பழைமைக்குரியன. இரும்பும் தகரமும் இயந்திரமும் புதுமைக்குரியன என்பது அப்பகுப்பின் அடிப்படையாகும். வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றுடன் இப்பகுப்புப் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நம் இலக்கியச் சான்றொன்றினை நோக்குவோம். தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகம் செய்யும் உமணரின் வண்டி வருணிக்கப்படுகின்றது. அதன் வாயிலிற் கோழி தங்கும் கூடு இருக்கின்றது. சிறிய உரலொன்று தொங்கவிடப்பட்டுள்ளது. காடி வைத்த கலம் கயிற்றாற் பிணிக்கப்பட்டுள்ளது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளைச் செலுத்த, ஆடவர் காவலாக உடன் நடக்கின்றனர். புலவர் இங்கு காட்டுவது வாணிபச் சரக்கினை மட்டுமன்று. ஒரு முழுக் குடித்தனத்தையே காட்டுகின்றார். கோழியையும் உரலையும் வண்டியில் ஏற்றியவர், அவ்வண்டியையே தம் மனையாகக் கொண்டவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இக்குறிப்பு இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் நமக்குப் பயன்படும்.

வன்னியைப் பொறுத்தவரையில் நெடுந்தூர வண்டிற் பயணம் நாம் எண்ணுமளவிற்குப் பழைமையானதன்று. ஈழத்தின் உள்நாட்டுக் காட்டுப் பாதைகளிற் பண்டம் ஏற்றிச்செல்வதற்குப் பொதிமாடுகளே நெடுங்காலம் பயன்பட்டன. இப்பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என வழங்கினர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆட்சியினர் யாழ்ப்பாணம் - கண்டி வீதியினை அமைத்த பின்னரே காட்டினூடாகச் சில்லுப் பூட்டிய ஊர்திகள் தொடர்ச்சியாகச் செல்ல இயன்றது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய தம் கைந்நூலை வெளியிட்ட காலத்தில் இப்பகுதிக்குப் புகையிரதம் வந்திருக்கவில்லை. வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது 1905ஆம் ஆண்டிலாகும்.

அப்பாதை முழுமை பெறுவதற்குச் சிறிது முன்னர், 1905இன் தொடக்கத்தில், இளம் சிவில் சேவை உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற லெனாட் வுல்ஃப் அநுராதபுரத்துக்கும் ஆனையிறவுக்கும் இடையிலான தூரத்தைத் தபால் வண்டியிற் கடக்க நேர்ந்தது. பெயரளவிலேயே அது தபால் 'கோச்சு'. உண்மையில் அது பெரியதொரு மாட்டுவண்டிலே என்றும், தட்டிலே தபாற் பைகள் கிடக்க அவற்றின்மேற் பயணிகள் கிடந்தனர் என்றும் அவர் தம் தன்வரலாற்றிற் பதிந்துள்ளார். அரசின் ஊர்தியாயினும் அதற்கென்று தனியான உள்ளமைப்பு எதுவும் இருக்கவில்லை. சரக்கே மெத்தையாயிற்று. நாம் 'மரபு' எனப் போற்றும் கூடார வண்டிற் பயணமும் இவ்வாறு குடியேற்றவாத ஆட்சியின் வீதியொன்றின்மேல் வளர்ந்ததே என்பதை மறத்தலாகாது.

எனினும், அவ்வீதியிலும் அதிலிருந்து பிரிந்த மணற்பாதைகளிலும் மக்கள் தமக்கேற்றதொரு உள்ளமைப்பினை உருவாக்கிக்கொண்டனர். அதனை யாத்திரைக் காலங்களிலே தெளிவாகக் காணமுடிந்தது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கும், ஆவணித் திருவிழாவுக்கு மடுமாதா கோவிலுக்கும் குடும்பங்கள் கூடார வண்டில்களிற் சென்றன. சமயம் வேறாயினும் வண்டிலின் உள்ளமைப்பு ஒன்றே. வளைத்துக் கட்டிய கம்புகளின்மேல் ஓலை வேய்ந்த கூடாரம், தட்டிலே தடிப்பாகப் பரப்பிய வைக்கோல், அதன்மேற் பன்பாய். முதியோரும் பெண்களும் சிறுவரும் உள்ளே இருப்பர். இளைஞர் வண்டிலின் பின்னால் நடப்பர். அரிசி, புதுப்பானை, கட்டுச்சோறு ஆகியன ஓரத்திலே இடம்பெறும். அச்சின் கீழே அரிக்கன் லாம்பும் வாளியும் தொங்கும்.

இவ்வமைப்பின் சிறப்பு அதன் சிக்கனத்தில் உள்ளது. வைக்கோல் மனிதருக்கு மெத்தை. தங்குமிடத்தில் அதுவே மாட்டுக்குத் தீனி. ஆதலாற் பயணம் நீள நீள மெத்தை மெலியும். கூடாரம் பகலில் நிழல், இரவிற் கூரை. வண்டிலை விட்டிறங்கி மரத்தடியில் மூன்று கல் வைத்தால் அதுவே அடுக்களை. ஏற்றப்பட்டவை மிகச் சில. ஏனெனில், ஏனையவெல்லாம் வீட்டிலே பத்திரமாக இருந்தன. ஒருவாரத்தில் அல்லது இருவாரத்தில் வீடு திரும்பலாம் என்ற உறுதியே கூடார வண்டிலின் உள்ளமைப்பினைத் தீர்மானித்தது.

மேலைநாட்டவர் 'கரவன்' என வழங்கும் ஊர்தி வீட்டின் வரலாற்றை இதனோடு ஒப்பிடுவது பயனுடையது. 1885இல் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் மருத்துவர் 'வொண்டரர்' என்ற குதிரை வண்டியைப் பிறிஸ்ரல் நகரில் செய்வித்து இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்து வரை பயணம் செய்தார். உல்லாசப் பயணத்திற்கெனவே கட்டப்பட்ட முதற் கரவனாக அது கருதப்படுகின்றது. மஹோகனி மரவேலைப்பாடு கொண்ட அதன் உட்புறம், விக்ரோறியா காலத்துச் செல்வர் வீட்டு வரவேற்பறையின் சிறு பிரதியாகவே அமைந்தது. அரை நூற்றாண்டின் பின்னர், 1936இல், அமெரிக்காவில் எயர்ஸ்ரீம் நிறுவனம் 'கிளிப்பர்' என்ற ஊர்தியை வெளியிட்டது. விமானத்தைப் போன்ற அலுமினிய உடலும், படுக்கையாக மாற்றத்தக்க உணவு மேசையும், மின்விளக்கும், நீர்த்தொட்டியும் அதில் இருந்தன. முன்னது பழையமுறைக்கும் பின்னது புதியமுறைக்கும் எடுத்துக்காட்டுகளாகக் கூறப்படுவன. ஆயின், இரண்டையும் செலுத்தியவர்கள் விடுமுறை முடிந்ததும் தம் வீட்டுக்கே திரும்பினர். இவ்வகையில் அவை தம்முள் வேறுபட்டவையல்ல. நமது கூடார வண்டிலுக்கும் உறவினவே.

வன்னியிற் புதுமை வேறு வழியாக வந்தது. 1936இற் கிளிநொச்சியிற் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி யாழ்ப்பாணத்தவர் வந்து குடியேறினர். பிற்காலத்தில் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களிலும் குடியேற்றங்கள் அமைந்தன. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டமையால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. வன்னி விவசாயியின் முற்றத்தில் உழவு இயந்திரம் நிற்கத் தொடங்கிய காலப்பகுதி இதுவாகும். அதன் பின்னே பூட்டப்படும் பெட்டி, நெல்லும் மணலும் விறகும் ஏற்றுவதற்குரிய வெறும் தளமும் நான்கு பலகைகளுமே. மனிதர் தங்குவதற்கென்று அதில் எதுவும் அமைக்கப்படவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குச் செல்லும்பொழுது மட்டும் அதிலும் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்தனர். இரும்புப் பெட்டிக்குள் பழைய வண்டில் தொடர்ந்து வாழ்ந்தது எனலாம்.

அப்பெட்டியே வீடாக மாறியது போரினாலாகும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து, அவர்களுட் பலர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996இற் கிளிநொச்சி நகரமும் அதனை அண்டிய ஊர்களும் இடம்பெயர்ந்தன. 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் மன்னார்ப் பக்கத்திலிருந்து தொடங்கிய பெயர்வு, மல்லாவி, அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி நகர்ந்தது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபொழுது பரந்தன் - முல்லைத்தீவு வீதியின் இருமருங்கும் ஊர்திகளாலும் தறப்பாள்களாலும் நிறைந்திருந்தது. மாட்டு வண்டில், துவிச்சக்கரவண்டி, லாண்ட்மாஸ்டர், உழவு இயந்திரம் ஆகிய யாவும் அவ்வீதியில் ஒருசேரச் சென்றன. பழைமையும் புதுமையும் ஒரே வேகத்தில், அதாவது நடைவேகத்தில், ஊர்ந்தன.

அவ்வாண்டில் இக்கட்டுரையாளருக்கு வயது 6. எங்கள் அயலிலுள்ள மூன்று குடும்பங்களுக்கு ஒரு பெட்டியே இருந்தது. அதன் உள்ளமைப்பைப் பின்னர் வீட்டுப் பெரியோரிடம் கேட்டும் என் நினைவோடு ஒப்பிட்டும் இங்கு தருகின்றேன். அடியிலே வீட்டிலிருந்து கழற்றிய கூரைத் தகரங்களும் கதவுகளும் யன்னல்களும் அடுக்கப்பட்டிருந்தன. இடைநடுவே நெல்மூட்டைகளும் அம்மியும் உரலும் சமையற் பாத்திரங்களும் இருந்தன. அவற்றின்மேற் பாய்களும் உடுப்புப் பொதிகளும் கிடந்தன. அதன்மேல் முதியோரும் நாங்களும் இருந்தோம். பின்பலகையிற் கோழிகளைக் கொண்ட கடகமொன்று கட்டப்பட்டிருந்தது. காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் அடங்கிய பை மட்டும் பெட்டியில் வைக்கப்படவில்லை. அது அம்மாவின் தோளிலே இருந்தது. வீட்டுக் கதவுகளையும் யன்னல்களையும் கழற்றிக்கொண்டு செல்லும் வழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்தில் வன்னி முழுவதும் காணப்பட்டது.

இங்கே பெரும்பாணாற்றுப்படையின் உமணர் வண்டியை நினைவுகூர்தல் வேண்டும். கோழியும் உரலும் குழந்தையும் ஒருங்கே ஏறிய அவ்வமைப்பே, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளின் பின்னர், டீசல் இயந்திரம் இழுத்த இரும்புப் பெட்டியில் மீண்டும் தோன்றியது. எவரும் பழைய நூலைப் பார்த்து அவ்வாறு அடுக்கவில்லை. திரும்புவோம் என்ற உறுதி அற்றுப்போனவிடத்து மனிதர் வீட்டிற்குரியவற்றை மட்டுமன்றி வீட்டையே ஏற்ற முயல்கின்றனர். உமணருக்கு வழியே வாழ்வாக இருந்தமையால் அது தொழிலின் விளைவு. நம்மவர்க்கோ அது வலிந்து சுமத்தப்பட்ட விதி. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் சமப்படுத்துதல் தவறாகும்.

ஏற்றியவை மட்டுமன்றி இறக்கியவையும் வரலாற்றுச் சான்றுகளே. 2009 ஜனவரி 21ஆம் திகதி உடையார்கட்டு, சுதந்திரபுரம் பகுதியிற் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. பெப்ரவரியில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையோரத்தில் இன்னொன்று அறிவிக்கப்பட்டது. நிலம் சுருங்கச் சுருங்கப் பெட்டியின் சுமையும் குறைந்தது. எங்கள் பெட்டியில் முதலில் இறக்கப்பட்டவை தகரமும் கதவுகளும். அடுத்து அம்மியும் உரலும். பின்னர் நெல் தீர்ந்தது. எண்ணெய் தீர்ந்தபொழுது இயந்திரமே கைவிடப்பட்டது. பொதிகளிலிருந்த சேலைகள், கூறைச்சேலை உட்பட, பைகளாகத் தைக்கப்பட்டு மண் நிரப்பப்பட்டுப் பதுங்குகுழிகளின் காப்பாயின. எங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. ஈற்றில் மே மாதத்தில் மக்கள் வட்டுவாகற் பாலத்தைக் கடந்தபொழுது கைப்பையும் குழந்தைகளுமே எஞ்சினர். அவ்வளவும் எஞ்சாதவர் பலர்.

நந்திக்கடலின் ஒரு கரையில் வற்றாப்பளை, மறுகரையில் முள்ளிவாய்க்கால். தலைமுறை தலைமுறையாக வைகாசியிற் கூடார வண்டில்கள் வந்து சேர்ந்த நீரேரியின் எதிர்க்கரையிலேயே, 2009இன் அதே வைகாசியில், உழவு இயந்திரப் பெட்டிகளின் பயணமும் முடிவுற்றது.

இதுகாறும் கூறியவற்றால், பயண ஊர்தியின் உள்ளமைப்பினைப் பழையது, புதியது எனப் பகுப்பதற்கு ஓலையோ அலுமினியமோ அளவுகோலாகாது என்பது பெறப்படும். திரும்பிச்செல்ல வீடுடையோரின் ஊர்தி ஒருவகை. வீடற்றோரின் ஊர்தி மற்றொருவகை. கூடார வண்டிலும் வொண்டரரும் கிளிப்பரும் முதல்வகையின. உமணர் வண்டியும் 2009இன் பெட்டியும் இரண்டாம் வகையின. முன்னதன் உள்ளமைப்பை அழகும் வசதியும் ஆள்கின்றன. பின்னதன் உள்ளமைப்பை, எதனை இழக்கலாம் எதனை இழக்கலாகாது என்னும் கணக்கே ஆள்கின்றது.

செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. வீடுகள் மீண்டும் எழுந்துள்ளன. எங்கள் வீட்டு முன்கதவு விசுவமடுவில் ஒரு வேலியோரம் இறக்கப்பட்டது. அது பின்னர் கிடைக்கவில்லை. அதன் திறப்பினை அம்மம்மா இன்றும் தம் பெட்டகத்தில் வைத்திருக்கின்றார். கூடார வண்டிலை நாம் பண்பாட்டுச் சின்னமாக ஊர்வலங்களிற் காட்சிப்படுத்துகின்றோம், அது தகும். ஆயின், அந்தப் பெட்டிகளின் உட்புறத்தை நினைவிற் கொண்டோர் முதுமையடைந்து வருகின்றனர். வன்னியிலிருந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள ஒவ்வொரு மாணவரும் அடுத்த விடுமுறையில் தம் வீட்டில் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து, அடியில் என்ன இருந்தது, மேலே யார் இருந்தார், முதலில் எதனை இறக்கினீர்கள் என்று கேட்டு வரைந்துகொள்வாராயின், எழுதப்படாத ஒரு வரலாற்றின் முதலாவது ஆவணத் தொகுதி நம் கைகளிலேயே உருவாகும்.