ஒரு பிடி நிலக்கரி செட்டிபாளையம் வந்த கதை

மட்டக்களப்பின் செட்டிபாளையத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் பத்து வொட் மின்குமிழ் ஒன்று மாலை ஆறு மணி தொடக்கம் இரவு பதினொரு மணி வரை எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரம் முழுவதையும் நிலக்கரியில் இருந்தே எடுத்தால், ஐந்து மணிநேர வெளிச்சத்துக்குச் சுமார் 20 கிராம் கரி போதும். இரண்டு கொட்டைப்பாக்கு அளவுதான். நம் மின்கம்பிகளில் ஓடுவது மலைநாட்டு நீர்மின்சாரமும் எண்ணெயும் காற்றும் வெயிலும் கலந்தது என்றாலும், அண்மைய ஆண்டுகள் பலவற்றில் அதில் மூன்றில் ஒரு பங்கு நிலக்கரியில் இருந்தே வந்திருக்கிறது. இலங்கையின் நிலத்துக்குள் வெட்டி எடுக்கத்தக்க நிலக்கரி கிடையாது. ஆகவே கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாகக் கிடக்கும் இந்த ஊருக்கு அந்த இருபது கிராம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

இந்தோனேசியா, ரஷ்யா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் இருந்தும் இலங்கை கரி வாங்கியிருக்கிறது. தென்னாபிரிக்கக் கரியின் வழியே போய்ப் பார்ப்போம். அந்த வழியில் நம் ஆட்களின் காலடிகளும் இருக்கின்றன.

ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆபிரிக்காவும் இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. பனிக்காலம் விலகிய குளிர்ச் சதுப்புகளில் குளோசாப்டெரிஸ் மரங்கள் அடர்ந்து வளர்ந்து, விழுந்து, நீருக்கடியில் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்தன. மேலே மணலும் சேறும் ஏற ஏற, அழுத்தமும் சூடும் அவற்றைக் கரியாக இறுக்கின. அந்தச் சதுப்புகளின் பெரும் படிவுகள் தென்னாபிரிக்காவின் இன்றைய முபுமலங்கா மாகாணத்துக்கும் இந்தியாவின் ஜாரியாவுக்கும் வாய்த்தன. பழம் படிகப் பாறையால் ஆன இலங்கைக்கு அவை வாய்க்கவில்லை.

மரம் கரியாகும்போதே மெதேன் வாயுவும் பிறக்கிறது. அது கரியின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டி, மேலுள்ள நீரின் அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கும். நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் வாயு கழன்று மேலே வரும். கரிப்படுகை வாயு எடுக்கும் தொழில் முழுவதும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. காவிரிப் படுகையின் மன்னார்குடிப் பகுதியில் இதே வாயுவை எடுக்க 2010இல் ஒப்பந்தம் போடப்பட்டபோது, நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டினால் நெல்வயல் என்னாகும் என்று உழவர்கள் கேட்டார்கள். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உயிர்நீத்தார். 2020இல் காவிரி டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமானது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்கோ இந்த வாயு வேறு முகம் காட்டியது. காற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு மெதேன் கலந்துவிட்டால் ஒரு பொறியே வெடிப்புக்குப் போதும்.

அதைவிடப் பெரிய சாவு கூரை வழியாக வந்தது. தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் கரியை அறை அறையாக வெட்டி எடுத்து, இடையிடையே கரித் தூண்களை விட்டுவைப்பார்கள். மேலே உள்ள பாறையை அந்தத் தூண்கள்தான் தாங்க வேண்டும். தூணை மெலிதாக்கினால் கூடுதல் கரி, கூடுதல் இலாபம். 1960 ஜனவரி 21இல் கோல்புறூக் சுரங்கத்தில் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கி 435 பேர் புதைந்தார்கள். பெரும்பாலோர் லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளர். அவர்களின் உடல்கள் மேலே வரவேயில்லை. அதன் பிறகே அரசும் தொழிலும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கின. சலமன், மன்றோ என்ற இரு ஆய்வாளர்கள் நின்ற தூண்கள் 98, சரிந்த தூண்கள் 27 என 125 சுரங்க நிலைமைகளை அளந்து, 1967இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். தூணின் அகலம் கூடினால் வலிமை கூடும், உயரம் கூடினால் குறையும். எவ்வளவு என்பதைக் கணக்கு சொல்லும். தூண் தாங்கக்கூடியது, அதன் மேல் விழும் பாரத்தைப் போல 1.6 மடங்காக இருக்கவேண்டும் என்ற வழக்கம் அதிலிருந்து வந்தது. சுரங்கவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்தச் சூத்திரத்துக்கு முதல் விலை கொடுத்தவர்கள் அந்த 435 பேர்.

வெட்டிய கரி அப்படியே கப்பலுக்குப் போகாது. கல்லும் களியும் கலந்திருக்கும். அதைப் பிரிக்கும் விதம் அழகானது. மக்னரைற் என்ற இரும்புத் தாதை மாவாக அரைத்து நீரில் கலக்கி, அந்தக் கலங்கலின் அடர்த்தியைக் கரியின் அடர்த்திக்கும் கல்லின் அடர்த்திக்கும் நடுவே நிறுத்துவார்கள். அதில் கொட்டியவுடன் கரி மிதக்கிறது, கல் தாழ்கிறது. மிதந்ததை வழித்து எடுத்து நீர் தெளித்துக் கழுவ, ஒட்டிய மக்னரைற்றைக் காந்த உருளைகள் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. நல்ல கரி ஏற்றுமதிக்குப் போகிறது. கழிவு, குன்றாகக் குவிந்து சுரங்க ஊரிலேயே தங்குகிறது. சில குன்றுகள் தாமாகவே தீப்பற்றிப் புகைகின்றன, மழைக்கு அவற்றிலிருந்து அமில நீர் வடிந்து ஆற்றில் சேர்கிறது.

கழுவிய கரி ஏர்மெலோவில் இருந்து இருநூறு பெட்டி கோத்த ரயில்களில் மலை இறங்கி, 1976இல் திறந்த றிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போகிறது. ரயில் இறங்கிவரும் மாகாணம் இன்றைய குவாசூலு-நேற்றால், அன்றைய நேற்றால். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்றூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கிய அதே நேற்றால். கரும்புத் தோட்டத்துக்கென்று போனவர்களின் வழியில் தமிழரும் தெலுங்கரும் நியூகாசில், டண்டி நிலக்கரிச் சுரங்கங்களுக்குள்ளும் இறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது ஆண்டுக்கு மூன்று பவுண் தலைவரி விழுந்தது. 1913 ஒக்டோபரில் தம்பி நாயுடுவும், பெரும்பாலும் தமிழரான ட்றான்ஸ்வால் பெண்கள் குழுவொன்றும் நியூகாசிலுக்குப் போய், வரி நீங்கும்வரை வேலைக்கு இறங்காதீர்கள் என்று சுரங்கத் தொழிலாளரிடம் கேட்டார்கள். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6இல் காந்தியோடு 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் ட்றான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தார்கள். பிடிபட்டவர்களை அரசு சுரங்க முகாம்களுக்கே திருப்பி அனுப்பியது; முகாம்களையே சிறையாகவும் சுரங்க அலுவலர்களையே சிறைக்காவலராகவும் ஆக்கி, அவர்களை மீண்டும் கீழே இறக்கியது. அதே போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரி 22இல் இறந்தாள். அவளுக்கு வயது பதினாறு. அந்த ஆண்டிலேயே மூன்று பவுண் வரி ஒழிந்தது.

றிச்சர்ட்ஸ் பேயில் ஏறிய கரி இந்து சமுத்திரத்தைக் கடந்து புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலைக்கு வருகிறது. பெரிய கப்பல் கரைக்கு வரமுடியாது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு, ஏறக்குறைய 60,000 தொன் சரக்கைப் பாரப்படகுகளில் மாற்ற, அவை நான்கு கிலோமீற்றருக்கு மேல் நீளும் இறங்குதுறையில் கொட்டுகின்றன. தென்மேல் பருவக்காற்று எழுந்தால் படகு நிற்காது. ஆகவே ஆண்டு முழுவதற்குமான கரியைப் புரட்டாதிக்கும் சித்திரைக்கும் இடையில் இறக்கிக் குவித்தாக வேண்டும்.

லக்விஜய என்று பெயரிட்ட அந்த நிலையத்தின் முதல் 300 மெகாவொட் 2011இல் ஓடத்தொடங்கியது. 2014இல் மொத்தம் 900 ஆனது. அதைக் கட்டுமுன்னரே அங்கிருந்த மீனவரும் தோட்டக்காரரும் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்தார்கள். இன்று நம் இருபது கிராம் அங்கே மாவாக அரைபட்டு, காற்றோடு உலைக்குள் ஊதப்பட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் எரிகிறது. நீராவி நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலியைச் சுற்றுகிறது. கரியின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மின்சாரமாகிக் கம்பியேறுகிறது. மீதி கடல்நீரையும் வானத்தையும் சூடாக்குகிறது. 50 கிராம் அளவில் கரியமில வாயு மேலே போகிறது. இரண்டு மூன்று கிராம் சாம்பல் அங்கேயே நிற்கிறது. அதில் ஒரு பகுதி சிமெந்தோடு சேர்கிறது. மிச்சமும் கரித்தூசும் காற்றடிக்கும் மாதங்களில் அயல் கிராமத்துத் தோட்டங்களிலும் வீடுகளிலும் படிவதாக அங்குள்ள மக்கள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள்.

இதுதான் இந்தப் பயணத்தின் நீதி. மின்சாரம் எவ்வளவு தூரமும் போகும். சாம்பல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். வெளிச்சம் எல்லாருக்கும் பொது, தூசி மட்டும் சில ஊர்களுக்குச் சொந்தம்.

கிழக்கிலும் அப்படி ஓர் ஊர் இருந்திருக்கும். 2006இல் போரால் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்த பிறகு, அவர்களின் நிலத்தில் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு சேர்ந்து 500 மெகாவொட் நிலக்கரி நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். மக்கள் தங்கள் காணியைக் கேட்டார்கள், சூழல் அமைப்புகள் வழக்கிட்டன. அந்த நிலையம் கட்டப்படாது என்று 2016 செப்ரெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவொட் சூரிய மின்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேரம் நாடு இருட்டில் கிடந்தபோது ஐஸ் கட்டிக்குக் காத்திருந்த மீனவரும் விளக்கில் படித்த பிள்ளைகளும் அதன் அருமையை அறிந்தார்கள். ஆனால் மலிவான மின்சாரம் என்ற பேச்சு எழும்போது, மின்கட்டணப் பட்டியலில் அச்சாகாத விலையை யார் கட்டுகிறார் என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. நமக்காகச் சாம்பலைச் சுமக்கும் நுரைச்சோலை மக்களின் முறைப்பாட்டை மட்டக்களப்பின் முறைப்பாடாகவும் எடுத்துப் பேசுவோம். கரிமேட்டை மூடு, காற்றின் தூசியை அளந்து வெளியிடு, பாதிப்புக்கு ஈடு கொடு என்ற கோரிக்கையில் மின்சாரம் பாவிக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு கட்சிக்காரர்தான்.