டம்டமும் மீனம்பாக்கமும்

கல்கத்தா வாழ் தமிழருக்கு ஊர் எத்தனை தூரம்? இதற்கு விடை ஒன்றன்று, இரண்டு. ஹவுராவிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை இருப்புப்பாதை சுமார் 1,660 கிலோமீட்டர். டம்டம் விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் வரை நேர்கோட்டில் அளந்தால் சுமார் 1,385 கிலோமீட்டரே. புகைவண்டி கரையோர நாட்டின் வளைவுகளைத் தழுவியே செல்லவேண்டும். விமானமோ வங்கக் கடலின் மேல் குறுக்கே பறந்துவிடுகிறது.

எனினும், அயலூரில் பிழைக்க வந்தவர் தூரத்தைக் கிலோமீட்டரால் அளப்பதில்லை. ஊரில் தாய் நோயுற்றாள் என்று செய்தி வந்தால், "எப்பொழுது போய்ச் சேரலாம்?" என்பதே முதற் கேள்வி. இவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையே நேரம் சுருங்கிய வரலாற்றை அக்கேள்வியை முன்வைத்தே காண்போம்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் உள்நாட்டு வானில் மிகுதியாகப் பறந்தவை டகோட்டா விமானங்கள். மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், இடையில் எங்கும் இறங்காவிடினும் இப்பயணத்திற்கு 5 மணி நேரத்திற்கு மேலாகும். 1953 ஆகஸ்ட் 1 அன்று தனியார் கம்பெனிகளை ஒன்றுசேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் தோன்றியது. அது 1957இல் வாங்கிய வைக்கவுண்ட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். 1964இல் வந்த காரவெல் ஜெட்டின் வேகமோ சுமார் 800.

நிற்க. மனிதருக்கு முன்னரே நம் கடிதங்கள் விரைந்து பறந்தன என்பது நினைவுகூரத்தக்கது. 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் விமானங்களும் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டன. நாகபுரி வழியாகச் சென்னை சுமார் 1,890 கிலோமீட்டர். நேர்வழியினும் 500 அதிகம். ஆயினும் ஊர் உறங்கும் வேளையில் அத்தூரம் கடக்கப்பட்டமையால், அது எவருக்கும் பாரமாகவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுக் கடிதங்கள் தனிக் கட்டணமின்றியே விமானத்தில் ஏறின.

கடிதம் ஓரிரவில் பறந்தது. அதனை எழுதியவரோ மெயில் வண்டியில் ஒரு நாளுக்கு மேல் அமர்ந்து சென்றார். விமானச் சீட்டு வாங்கும் வசதி அன்று எத்தனை குமாஸ்தாக்களுக்கு இருந்தது? தந்தையின் முகத்தைக் காண இயலாது, பத்தாம் நாள் காரியத்திற்கு மட்டும் சென்று சேர்ந்த பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர்.

இன்று விமானப் பயணம் சுமார் இரண்டரை மணி. வேகத்தைக் கொண்டு வகுத்தால் ஒன்றே முக்கால் மணியே வரும்; ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்குவதும் எஞ்சிய நேரத்தைக் கொள்கின்றன. 1977இல் தொடங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கோ இன்றும் ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். இருப்புப்பாதையின் உப்பைத் தின்னும் யான் இதனைக் கூறலாகாதுதான். எனினும் உண்மை அதுவே.

ஆனால், அன்றைக்கே புறப்பட வேண்டியவருக்கு விமானக் கட்டணம் பன்மடங்கு ஏறிவிடுகிறது. நேரம் சுருங்கியது, அது எல்லார்க்கும் சுருங்கவில்லை. துயரச் செய்தி வந்த வீட்டாருக்கு அன்றைய சீட்டு எடுக்கக் கைமாற்றாக உதவும் சிறு நிதியொன்றை நம் சங்கம் ஏற்படுத்துமாயின், டம்டத்திற்கும் மீனம்பாக்கத்திற்கும் உள்ள தூரம் மெய்யாகவே குறையும்.