ஆம்புலன்ஸ் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணுமா? ஒரு குட்டி வரலாறு

1/
80 வயசுப் பாட்டி வீட்டுல வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு முறியல, கையில ஒரு வெட்டுக்காயம். ஆம்புலன்ஸ்ல வர்ற பாராமெடிக் அங்கேயே தையல் போட்டு, ஏன் விழுந்தாங்கன்னு பார்த்துட்டு, வீட்டிலேயே விட்டுட்டுப் போக முடியுமா? முடியும். ஆனா பல நாடுகளில் இதுக்குப் பல வருஷம் ஆச்சு. ஏன்னு பார்ப்போம்.

2/
1960கள் வரை அமெரிக்காவின் பல ஊர்களில் நோயாளியை ஏற்றிப்போனது சவ ஊர்தி, இல்லன்னா போலீஸ் வேன். ஆளைப் படுக்கவைக்க இடம் இருந்த வண்டி அதுதான்! கூட வர்றவருக்கு சிகிச்சை தெரியாது. தூக்கிப் போட்டு ஓட்டணும், அவ்வளவுதான் வேலை.

3/
1967, பிட்ஸ்பர்க் நகரம். மயக்கவியல் நிபுணர் டாக்டர் பீட்டர் சாஃபர், முந்தைய வருஷம்தான் ஆஸ்துமாவுக்குத் தன் மகளைப் பறிகொடுத்தவர். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் வேலையில்லா இளைஞர்களுக்குச் சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார். அதுதான் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ். சிகிச்சை வண்டியிலேயே தொடங்கியது.

4/
1975-ல் நகர நிர்வாகம் அதை மூடிட்டு சொந்த சேவையைத் தொடங்கிடுச்சு. ஆனா பாராமெடிக் என்கிற தொழில் நிலைச்சிடுச்சு.

5/
மாறாம இருந்தது காசுக் கணக்கு. அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர், ஆம்புலன்ஸுக்குப் பணம் கொடுப்பது நோயாளியை ஏற்றிப்போனதுக்குத்தான். வீட்டிலேயே சரிபண்ணிட்டா ஒரு பைசா தேறாது. அப்புறம் யார் வீட்டில் விட்டுட்டு வருவாங்க?

6/
"போனா போகட்டும், ஆஸ்பத்திரி பாதுகாப்புதானே?" வயசானவங்களுக்கு எப்பவும் அப்படி இல்லீங்க. சில நாள் படுத்தாலே தசை பலம் குறையும். புது இடத்தில் ராத்திரி மனக்குழப்பம் வரும். தொற்றும் சேரலாம். நடந்து போனவர் சக்கர நாற்காலியில் திரும்புவதை நாங்க பார்க்கிறோம்.

7/
இப்ப கனடாவுக்கு வாங்க. நோவா ஸ்கோஷியாவின் லாங், ப்ரையர் தீவுகள். மொத்தம் 1,200 பேர் சொச்சம். ஆஸ்பத்திரிக்குப் போக படகு ஏறணும். பாராமெடிக்குகள் 24 மணி நேரமும் அங்கே இருந்தாங்க, அவசர அழைப்போ குறைவு.

8/
2000களின் தொடக்கத்தில், அந்த ஓய்வு நேரத்தில் அவங்களை வீடு வீடா அனுப்பினாங்க. பிரஷர், சுகர் பார்க்கிறது, புண்ணுக்குக் கட்டு, தடுப்பூசி, தடுக்கி விழுற மாதிரி வீட்டில் ஏதாவது இருக்கான்னு சோதிக்கிறது. கூட ஒரு நர்ஸ், தொலைவிலிருந்து ஆலோசனைக்கு ஒரு டாக்டர். மூணு வருஷத்தில் ஆள் ஒருத்தருக்கான ஆண்டுச் செலவு 2,380 டாலரிலிருந்து 1,375 ஆகக் குறைஞ்சதா ஆய்வு சொல்லுது.

9/
இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2003-04-ல் பெரிய ஆய்வு. 60 வயது தாண்டிய 3,018 பேர். கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள் வீட்டுக்கே போய்ப் பார்த்தவங்களில் அவசரப் பிரிவுக்குப் போனது 62.6%. வழக்கமான முறையில் 87.5%. 28 நாள் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2007-ல் பிஎம்ஜே இதழில் வெளியாச்சு.

10/
அமெரிக்காவும் 2021-ல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கிச்சு: சம்பவ இடத்திலேயே சிகிச்சை கொடுத்தாலும் பணம் உண்டு. 5 வருஷத் திட்டம். எதிர்பார்த்த அளவு யாரும் சேரல, 2023 முடிவோட மூடிட்டாங்க.

11/
கவனிங்க. திறமை 1967-லேயே நிரூபணமாச்சு. பாதுகாப்பு 2007-ல் எண்ணிக்கையோட வந்தது. இன்னும் வழி மறிச்சு நிக்கிறது, வண்டி ஓடினால்தான் காசு என்கிற விதி. எந்த ஊர்ல யார் புதுத் திட்டம் அறிவிச்சாலும் முதலில் இதைக் கேளுங்க: வீட்டிலேயே வைத்தியம் பார்த்தா அதுக்குக் கூலி உண்டா?

12/
முக்கியமா ஒண்ணு. நெஞ்சுவலி, வாய் கோணுதல், கை கால் திடீர்னு விழுந்துபோவது, மூச்சுத்திணறல், தலையில் அடி, இதுக்கெல்லாம் வீட்டு வைத்தியம் கிடையாது. உடனே 108.